கிருபாவின் மூச்சு பொய்யில்லை

சபையில் கூடியிருக்கும் என் உடன்பிறப்புகளே, "நடிக்கிறாள்" என்கிற ஒரே ஒரு சொல் என் மகளைச் சாவு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. ஆண்டவர் அவளை அங்கிருந்து எப்படித் திருப்பிக் கொண்டுவந்தார் என்று சொல்லத்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன். எனக்கு மைக் பிடித்துப் பேசிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்த மாதிரியே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சலோமி. காவாந்தண்டலத்தில் இருக்கிறோம். நான் நடவு, களையெடுப்பு என்று கழனி வேலைக்குப் போகிறவள். என் வீட்டுக்காரர் மோசஸ் கொத்து வேலை செய்கிறார். எங்களுக்கு ஒரே பிள்ளை. பல வருஷம் காத்திருந்து பெற்றதால் கிருபா என்று பெயர் வைத்தோம். இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

கைக்குழந்தையாக இருக்கும்போதே அவளுக்கு இளைப்பு உண்டு. ஆஸ்துமா என்று சொல்லி, மூச்சு வாங்கும்போது வாயில் வைத்து அடிக்க ஒரு பம்ப் கொடுத்திருந்தார்கள். மழைக்காலத்தில் இரண்டு மூன்று முறை ஆஸ்பத்திரியில் மெஷினில் மருந்துப் புகை வைப்போம், சரியாகிவிடும். அப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தது.

போன வருஷம் ஆடிக் காற்று ஆரம்பித்ததிலிருந்துதான் வேறு மாதிரி ஆனது. இளைப்புச் சத்தம் வராது. சளி இருக்காது. ஆனால் தெருமுனைக் குழாய்க்குப் போய் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வந்தால் அப்படியே சுவரில் சாய்ந்து நின்றுவிடுவாள்.

"இன்னா கண்ணு பண்ணுது?" என்று கேட்பேன்.

"நெஞ்சுக்கு அடில இன்னாவோ அடைச்சிக்கினு கீதும்மா. மூச்சு உள்ள போவுது, வெளிய வர மாட்டேங்குது" என்பாள்.

உத்திரமேரூரில் டாக்டரிடம் கொண்டுபோனேன். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். சத்தம் ஒன்றும் இல்லையே என்றார். சந்தேகத்துக்குக் காஞ்சிபுரத்தில் ஊதுகிற டெஸ்ட் எடுத்து வரச் சொன்னார். அங்கே ஒரு குழாயை வாயில் கொடுத்து, மூச்சை நிறைய இழுத்து, ஒரே வேகத்தில் கடைசி வரைக்கும் ஊது என்றார்கள். கிருபாவுக்கு முதலில் வரவில்லை. இருமிவிட்டாள். திரும்பத் திரும்ப ஊதி, முகம் சிவந்து, கடைசியில் ஒழுங்காக ஊதிவிட்டாள். பேப்பரைப் பார்த்த அங்கிருந்த டாக்டர், "நார்மல்மா, பயப்படாதீங்க. பிள்ளை சும்மா பயந்துக்குது" என்று சொல்லி அனுப்பினார்.

நார்மல் என்றால் நாம் சந்தோஷப்பட வேண்டும். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது அவளுடைய கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். மூச்சு இழுக்கிறபோது தொண்டைக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழும்பியது. அது எப்படி நார்மல் ஆகும்?

ஆனால் அந்தப் பேப்பர் வந்த பிறகு யாரும் அவளை நம்பவில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு சார், "ஓடச் சொன்னா மட்டும் உனக்கு ஆஸ்துமா வந்துடுதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். கூடப் படிக்கிற பிள்ளைகள் அவளுக்கு நடிகை என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் ஒருநாள், "டெஸ்ட்ல ஒன்னும் இல்லன்னு சொல்லிட்டாங்கல்ல சலோமி? நீ குடுக்கிற செல்லந்தான் அவளுக்கு நோய்" என்றார்.

அன்றைக்குக் கிருபா என்னிடம் வந்து, மெதுவாகக் கேட்டாள்.

"ம்மா, நான் நெஜமாவே நடிக்கிறனாம்மா? எனக்கே தெரியல."

சகோதரிகளே, தனக்கு வலிக்கிறதா இல்லையா என்றே ஒரு பிள்ளைக்குத் தெரியாமல் போகும்படி செய்துவிட்டோம். நான் அவள் முகத்தை என் பக்கம் திருப்பி, "நீ நடிக்கல. எனக்குத் தெரியும். எங்க அடைச்சிக்கினு கீதுன்னு கண்டுபுடிக்கிற வரைக்கும் நான் வுட மாட்டேன்" என்றேன்.

அதுவரைக்கும் 'என் பிள்ளைக்குச் சுகம் கொடும்' என்று ஜெபித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து என் ஜெபம் மாறியது. 'ஆண்டவரே, என் பிள்ளை சொல்வது உண்மை. அது உமக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மற்றவர்கள் கண்ணுக்கும் அதைக் காட்டும். நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டும்.' கழனியில் குனிந்து களை பறிக்கும்போதும், அடுப்பு மூட்டும்போதும் இதையே கேட்டேன். வேறு எதையும் கேட்கவில்லை.

பதில் வருவதற்கு முன்னால் பெரிய சோதனை வந்தது.

தீபாவளி முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம். மைதானத்தில் ஓட விட்டிருக்கிறார்கள். கிருபா ஓடியிருக்கிறாள். முடியவில்லை என்று சொல்லவே இல்லை. சொன்னால் சிரிப்பார்கள் அல்லவா? மூச்சு அடைத்ததும் யாருக்கும் தெரியாமல் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறாள். பம்ப் வகுப்பறையில் பைக்குள் இருந்தது. அதைப் போய் எடுத்து அடித்தால் நடிகை என்பார்கள் என்று எடுக்கப் போகவில்லை. சமைக்கிற அம்மா பாத்திரம் கழுவ வந்தபோது இவள் சுவரோரம் சரிந்து கிடந்திருக்கிறாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

நான் கழனியிலிருந்து ஓடி வந்தேன். கால் சேற்றைக் கூடக் கழுவவில்லை. ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜன் வைத்து, செங்கல்பட்டில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு வுடு கண்ணு, வுடு, வுடு" என்றே சொல்லிக்கொண்டு போனேன். ஜெபமும் அதுதான். வேறு வார்த்தை எனக்கு வரவில்லை.

உயிர் தப்பியது. சில நாள் வார்டில் இருந்தோம். அங்கே ஒரு இளம் வயது டாக்டரம்மா. மற்ற எல்லோரும் என்னிடம் கேட்டார்கள், அவர் மட்டும் கிருபாவிடம் கேட்டார்.

"மூச்சு எங்க அடைக்குதுன்னு கை வச்சுக் காட்டு பாப்பா."

கிருபா விலாவின் அடியில் இரண்டு பக்கமும் கை வைத்துக் காட்டினாள். டாக்டரம்மா தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "ஊதுற டெஸ்ட் நார்மல்னா ஆஸ்துமா அடங்கிடுச்சுன்னு அர்த்தம் இல்லம்மா. அந்த டெஸ்ட்ல பெரிய குழாய் எப்படி இருக்குன்னு நல்லாத் தெரியும். நுரையீரலோட கோடியில ரொம்பச் சின்னச் சின்னக் குழாய் நிறைய இருக்கு. அதுங்க அடைச்சிருந்தா சில பிள்ளைகளுக்கு அதுல தெரியாமப் போயிடும். நெஞ்சுல ஸ்டெத் வச்சுக் கேட்டாலும் சத்தம் வராது" என்றார்.

எங்கள் ஊர்க்காரருக்கு இது புரியாதா? நான் கேட்டேன்: "ஏரிக் கால்வாயில தண்ணி நல்லாத்தான் போவுது, கழனிக்குள்ள போற சின்ன வாய்க்கால் தூந்து போயிக் கீது. அப்டியா மேடம்?"

"அதே தான்மா" என்று சிரித்தார். "அந்தச் சின்ன வாய்க்காலப் பாக்குறதுக்கு ஒரு மெஷின் இருக்கு. ஊத வேண்டாம். சும்மா மூச்சு விட்டாப் போதும். சென்னையில இருக்கு. நான் தேதி வாங்கித் தரேன்."

 நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டும் என்றுதானே கேட்டேன்! ஒளிந்திருப்பதைப் பார்க்கிற மெஷின் இருக்கிறது என்று சொல்கிறாரே!

ஒரு விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லி அனுப்பினார். டெஸ்ட் அன்றைக்குக் காலையில் பம்ப் அடிக்கக் கூடாது. அடித்தால் குழாய் திறந்துகொள்ளும், உண்மை நிலை தெரியாது. "ஆனா மூச்சு முட்டினா யோசிக்காம அடிச்சிடுங்க. டெஸ்ட் இன்னொரு நாள் எடுத்துக்கலாம்."

வீட்டுக்கு வந்தோம். நம் சபையின் பாக்கியநாதன் அண்ணன் பார்க்க வந்தார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன், அதோ உட்கார்ந்திருக்கிறார். ஊர்ப் பெரியவர் ஒருவருடைய டிராக்டர் ஓட்டுகிறவர். கிருபா தலையில் கை வைத்து உருக்கமாக ஜெபித்தார். பிறகு, "சலோமி, இன்னும் எத்தினி நாளைக்கு இந்தப் பம்ப்பு? விசுவாசம் இருந்தா அதத் தூக்கிப் போடும்மா. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையறது ஆண்டவர நம்பாத மாதிரி கீது" என்றார்.

அவர் என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். ஆனால் என்னால் தலையாட்ட முடியவில்லை.

"அண்ணே, என் புள்ள சுவத்தோரம் கெடந்தப்ப ஆம்புலன்ஸ அனுப்பினதும் அவர்தான். இந்தப் பம்ப்பக் குடுத்ததும் அவர்தான். அவர் கையிலிருந்து வர்றத நான் எப்பிடித் தூக்கிப் போடுவேன்? நீங்க ஜெபம் பண்ணுங்க. நான் ஜெபம் பண்ணிக்கினே நடந்து போறேன்" என்றேன்.

அவர் எழுந்து போனார்.

டெஸ்ட் தேதி வந்தது. வந்ததோடு மழையும் வந்தது. விடாமல் பெய்து ஏரி நிரம்பி, கலங்கல் வழியாக வழிந்த தண்ணீர் ரோட்டின் மேல் ஓடியது. பஸ் ஊருக்குள் வரவில்லை. விடியற்காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்றோம்.

"இன்னொரு தேதி வாங்கிக்கலாம், வா" என்றார் என் வீட்டுக்காரர்.

"இந்தத் தேதிக்கே எத்தினி நாள் காத்துக்கினு இருந்தோம்? நான் போறேன்" என்றேன்.

அப்போது பின்னால் டிராக்டர் சத்தம். பாக்கியநாதன் அண்ணன். எங்களிடம் பம்ப்பைப் பற்றியோ விசுவாசத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. "ஏறுங்க" என்றார். எங்கள் இருவரையும் பின்னால் டிரெய்லரில் ஏற்றி, பிள்ளையை மட்டும் தன் பக்கத்தில் மட்கார்டில் உட்கார வைத்து, மழைக்கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்திவிட்டு, சக்கரம் பாதி முங்குகிற தண்ணீரில் மெல்ல மெல்ல ஓட்டிக்கொண்டு போய் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலேயே விட்டார்.

செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறினோம். ஈரக் காற்று ஜன்னல் வழியாக அடித்தது. சிங்கப்பெருமாள் கோயில் தாண்டும்போது கிருபா இரும ஆரம்பித்தாள். சின்ன இருமல்தான். பிறகு அவள் தோள் இரண்டும் தூக்கித் தூக்கி இறங்கியது. பேச்சு துண்டு துண்டாக வந்தது.

நான் பையிலிருந்து பம்ப்பை எடுத்தேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார்.

"கொஞ்சம் பொறு சலோமி. இன்னும் ஒரு மணி நேரந்தான். இப்ப அடிச்சா எல்லாம் வீணாப் பூடும்."

கிருபாவும் தலையை ஆட்டினாள். "வேணாம்மா... நான்... தாங்குவேன். இன்னைக்கி... மெஷின் பாக்கட்டும்."

என் வாழ்க்கையில் அதைப் போல ஒரு நிமிஷத்தை நான் பார்த்ததில்லை. எத்தனை மாசமாகக் கேட்ட ஜெபத்துக்குப் பதில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மருந்தைக் கொடுத்தால் பதில் அழிந்து போகும். கொடுக்காவிட்டால் என் பிள்ளை? கண்ணை மூடினேன். 'ஆண்டவரே, எனக்கு டெஸ்ட் பெரிசா, பிள்ளை பெரிசா?' இவ்வளவுதான் கேட்டேன். கேட்டு முடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கணவர் கையை விலக்கினேன். அவள் வாயில் வைத்து, டாக்டரம்மா சொல்லிக் கொடுத்த மாதிரி நிதானமாக, இடைவெளி விட்டு விட்டு அடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் மூச்சு தணிந்தது. ஆனால் கிருபா தேம்பித் தேம்பி அழுதாள். "டெஸ்ட் போச்சேம்மா. இனிமே என்ன யாருமே நம்ப மாட்டாங்க."

"நான் நம்பறேன். ஆண்டவர் நம்பறாரு. எறங்கி நடப்போம் வா" என்றேன்.

ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுக்கிற பெண்ணிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "மருந்து எடுத்துட்டா இன்னைக்குப் பண்ண முடியாதும்மா. வேற தேதி தரேன்."

நான் நகரவில்லை. "தண்ணி தாண்டி வந்துக் கீறோம்மா. மருந்து அடிச்சோம்னே எழுதிக்கோங்க. ஆனா ஒரே ஒரு தடவ என் புள்ள நெஞ்சப் பாத்துட்டு அனுப்புங்க" என்றேன். சண்டை போடவில்லை, அழவில்லை. அங்கேயே நின்றேன். அந்தப் பெண் உள்ளே போய்ப் பெரிய டாக்டரிடம் கேட்டு வந்தார். நரைத்த தலை, மெல்லிய குரல் உள்ள மனிதர் அவர். வெளியே வந்து, "சரி, மருந்துக்கு அப்புறம் எப்படி இருக்குன்னு பாப்போம். அதுவும் ஒரு விஷயந்தானே" என்றார்.

முதலில் ஊதுகிற டெஸ்ட். கிருபா நன்றாக ஊதினாள். மறுபடியும் நார்மல். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். 

பிறகு அந்த மெஷின். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. நேராக உட்காரச் சொல்லி, மூக்கில் கிளிப் போட்டு, வாயில் ஒரு குழாயைக் கவ்வச் சொன்னார்கள். கன்னம் ஆடக் கூடாதாம். "அம்மா, நீங்க வந்து பின்னாடி நின்னு ரெண்டு கன்னத்தையும் பிடிச்சிக்கோங்க" என்றார் அந்தப் பெண். என் பிள்ளையின் கன்னங்களை இரண்டு உள்ளங்கையாலும் தாங்கினேன். "சாதாரணமா மூச்சு விடு பாப்பா" என்றார். மெஷினிலிருந்து மெல்லிய அதிர்வு கிளம்பியது. அது அவள் வாய் வழியாக நெஞ்சுக்குள் போய்த் திரும்புகிறது என்றார்கள். அந்த அதிர்வு என் கையிலும் தட்டியது. மூச்சு உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. நான் வாய் திறக்காமல், 'காட்டும், காட்டும்' என்று சொல்லிக்கொண்டே நின்றேன்.

திரும்பவும் எடுத்தார்கள். டாக்டர் திரையின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.  பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

"பெரிய குழாய் நல்லா இருக்கு. அதனாலதான் ஊதுற டெஸ்ட் நார்மல். ஆனா கோடியில இருக்கிற சின்னக் குழாய்கள் அடைச்சிருக்கு. மருந்து அடிச்சு இவ்வளவு நேரம் ஆகியும் சரியாத் திறக்கல. மருந்து இல்லாமப் பாத்திருந்தா மூடியிருக்குன்னு மட்டுந்தான் முதல்ல தெரிஞ்சிருக்கும். இப்ப பாத்ததுல, இவ அடிக்கிற மருந்து அங்க வேலை செய்யலன்னு முதல் பார்வையிலயே தெரிஞ்சுபோச்சு. மருந்தை மாத்தணும்."

வீணாகிவிட்டது என்று நாங்கள் ரயிலில் அழுதோமே! அதைக்கொண்டே ஆண்டவர் எங்களுக்குப் பதில் கொடுத்தார். பிள்ளையைக் காப்பாற்ற நான் எந்த மருந்தைக் கொடுத்தேனோ, அந்த மருந்து கொடுத்ததால்தான் உண்மை வெளியே வந்தது.

டாக்டர் கிருபாவைப் பார்த்தார். "நீ சொன்னதெல்லாம் உண்மை பாப்பா. செங்கல்பட்டு டாக்டர்கிட்ட நீ கை வச்சுக் காட்டினதா எழுதியிருக்காங்களே, அந்த இடந்தான்."

 கிருபா என் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார். போய்ப் பார்த்தால் வராந்தாத் தூணில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தார். திரும்பி வந்து மகள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, "நைனா உன்ன நம்பாமப் பூட்டேன் கண்ணு. இனிமே அப்பிடிப் பண்ண மாட்டேன்" என்றார்.

புது மருந்து கொடுத்தார்கள். அது மிக மெல்லிய தூவலாக இறங்கி, கோடிக் குழாய் வரைக்கும் போகுமாம். பம்ப்பை நேராக வாயில் அடிக்காமல், நடுவில் ஒரு பிளாஸ்டிக் கூடு வைத்து இழுக்கச் சொன்னார்கள். நன்றாக இருந்தாலும் தினமும் எடுக்க வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது என்றார்கள். விறகு அடுப்பை வீட்டுக்கு வெளியே கொண்டுபோனோம். கொசுவத்தியை நிறுத்தி வலை கட்டினோம்.

ஒரே நாளில் அற்புதம் நடந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பொய்ச் சாட்சி சொல்ல எனக்குப் பயம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆனது. பொங்கல் வந்தபோது தண்ணீர்க் குடத்தை எடுத்து வந்து சுவரில் சாயாமல் நேராக உள்ளே போனாள். அறுவடை மெஷின் தூசு பறந்த மாசத்தில்கூட ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. மறுபடி சென்னைக்குப் போய் டெஸ்ட் எடுத்தபோது, முழுக்கச் சரியாகவில்லை, ஆனால் முன்னைவிட எவ்வளவோ திறந்திருக்கிறது என்றார் டாக்டர். ஆஸ்துமா இன்னும் இருக்கிறது. மருந்தும் இருக்கிறது. ஆண்டவரும் கூடவே இருக்கிறார்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியை அம்மாவிடம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். விளையாட்டு சாரும் நின்று கேட்டார். இப்போது பம்ப் கிருபாவின் பாவாடைப் பாக்கெட்டில் இருக்கிறது. ஓடுவதற்கு முன்னால் எல்லார் எதிரிலும் எடுத்து அடிக்கிறாள். யாரும் சிரிப்பதில்லை. அந்த சாரே, "அடிச்சிட்டியா கிருபா? அப்ப வா" என்கிறாராம்.

என் வாழ்க்கையும் மாறியிருக்கிறது. முன்பு டாக்டர் முன்னால் நிற்கவே கூச்சப்படுவேன். இப்போது ஏரிக்கரை ஓரத்துக் குடியிருப்பில் இருக்கிற இருளர் வீட்டுப் பெண் ஒருத்தி, தன் சின்ன மகளுக்கு இருமல் நிற்கவே இல்லை என்று வந்து சொன்னாள். அவளைக் கூட்டிக்கொண்டு நானே செங்கல்பட்டுக்குப் போனேன். அவள் பேசத் தயங்கியபோது நான் பேசினேன். அவர்கள் நம் சபைக்கு வருகிறவர்கள் இல்லை. அதனால் என்ன? மூச்சு எல்லாருக்கும் அவர் கொடுத்ததுதானே.

பிள்ளை மூச்சு முட்டுகிறது என்று சொல்லி, பேப்பர் ஒன்றுமில்லை என்று சொல்கிறதா? பிள்ளையை நம்புங்கள். சுகம் கேட்டு ஜெபியுங்கள், கூடவே, 'எங்கே இருக்கிறது என்று காட்டும்' என்றும் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து நடங்கள். வழியில் தண்ணீர் ஓடலாம். தேதி தவறலாம். யாராவது முடியாது என்று சொல்லலாம். நிற்க வேண்டிய இடத்தில் நில்லுங்கள். எனக்குக் காட்டியவர் உங்களுக்கும் காட்டுவார்.

தனியாகப் போகப் பயமாக இருந்தால் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள். கழனி வேலை ஒருநாள் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. நான் கூட வருகிறேன்.